உலைக்குள் இட்ட நாமம்

உலையின் கதவைத் திறந்து கடிகார முகப்பை வெளியே எடுக்கும்போது அதில் நீலம் இருக்காது. பழுக்கக் காய்ந்த தகடு ஒன்று இருக்கும், அவ்வளவுதான். கம்பித் தாங்கியோடு அதை நீளமான கவட்டால் தூக்கிக் கல்மேடையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். சிவப்பு இறங்கிக் கறுப்பாகும். பிறகு ஓரத்திலிருந்து நீலம் நடுவை நோக்கி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் எனக்கு அலுத்ததில்லை.

அன்று காலை வந்த நீலத்தில், ஏழு மணி வரும் இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கடுகை நான்காக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அந்த வாரத்தில் அப்படிக் கெட்டுப்போன மூன்றாவது முகப்பு அது.

எங்கள் எனாமல் பிரிவின் தலைவர் தயாளன் சார் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பார்த்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முகப்பைக் கழிவுத் தட்டில் வைத்தார்.

"பவானி, இங்க வாம்மா."

பவானி கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எட்டு வாட்டி கழுவனேன் சார்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லயே."

"கேக்கப் போறீங்க சார். மொத ரெண்டுக்கும் அத்ததான் கேட்டீங்க."

நான் உலைக்கு முன்னால் கவட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கேரியரில் அடங்கும் சரக்கு

போன வாரம் திருவள்ளூரிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே போய் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். லாரி லாரியாகச் சரக்கு போகும் தொழிற்பேட்டை அது. எங்கள் கட்டடத்தின் ஒரு மாதச் சரக்கு மட்டும் ஒரு சாப்பாட்டுக் கேரியருக்குள் அடங்கிவிடும்.

பெண்கள் கட்டும் கைக்கடிகாரம். விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை. உள்ளே ஓடும் இயந்திரம் வேறு நாட்டில் சேரும். முகப்பும் அதைச் சுற்றி வைரம் பதித்த வளையமும் எங்கள் வேலை.

முகப்பு தங்கத் தகடு. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் நடுவிலிருந்து விளிம்புவரை மயிரிழைக் கோடுகளைக் கடைசல் இயந்திரத்தில் கீறுவார்கள். மேலே நீலக் கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் பரப்பி, உலரவிட்டு, எண்ணூறு டிகிரி உலைக்குள் வைத்து எடுப்போம். பொடி உருகிக் கண்ணாடியாகும். மறுபடி பரப்பு, மறுபடி உலை. இப்படி ஐந்து பூச்சு. பின்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் தகடு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கடைசியில் தண்ணீருக்குள் வைத்துக் கல்லால் தேய்த்துச் சமமாக்கி, இன்னொரு முறை உலையைக் காட்டினால் பளபளப்பு ஏறும்.

அடுத்த அறையில் ஆறு பெண்கள் வளையத்தில் வைரம் பதிப்பார்கள். தும்மினால் கல் பறந்துவிடும். ஒரு கல் பறந்தால் ஆறு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடுவார்கள். ஒருமுறை இரண்டு நாள் தேடிய கல், தேடிக்கொண்டிருந்தவரின் காலுறைக்குள்ளேயே இருந்தது.

மற்ற நிறங்கள் தப்பை மூடிக்கொள்ளும். எங்கள் நீலம் அடியிலுள்ள கோடுகள் தெரியும் கண்ணாடி நீலம். அதற்கு மறைக்கத் தெரியாது.

அந்த நீலத்துக்குப் பொடி சுத்தமாக இருக்க வேண்டும். இடித்த கண்ணாடியில் மாவு தங்கிவிட்டால் நிறம் மங்கும், வெள்ளைப் புள்ளி விழும். இதைப் பயிற்சிக் குறிப்பிலேயே அச்சடித்திருந்தார்கள். அதனால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கலக்கி, மாவு மிதக்கும்போதே சாய்த்துக் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றிக் கழுவ வேண்டும். எட்டு முறை. அந்த வேலைதான் பவானியுடையது.

பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் நெல் போடும் குடும்பத்துப் பெண் அவர். கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. பயிற்சி கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் அளவுக் குடுவையை வைத்துக்கொண்டு செய்ததை, பவானி பீங்கான் கிண்ணத்தை ஒரு சாய் சாய்த்துச் செய்துவிடுவார்.

"எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிண்ணத்த ஆட்டனா அடியில பொடி ஓடுற சத்தம் கேக்கும் அய்யரே. மாவு இருந்தா மொத்தையா கேக்கும். இல்லன்னா சலசலன்னு வரும்."

நான் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அவர் கான்ட்ராக்டில் இருந்தார். இரண்டு வருடம் முடியப் போகிறது. நிரந்தரமாக்கும் பட்டியலில் எங்கள் பிரிவிலிருந்து போயிருந்தது ஒரே ஒரு பெயர், அவருடையது. ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "எங்க நைனா பால் ஊத்தறவன்கிட்ட கூட சொல்லிட்டாரு."

நெற்றி துடைக்கும் இடம்

அவர் என்னை அய்யரே என்று கூப்பிடுவார். நாங்கள் வைணவக் குடும்பம், ஐயங்கார். முதல் மாதம் இரண்டு தடவை திருத்தினேன். "சரி அய்யரே, இனிமே அப்டி கூப்ட மாட்டேன்" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

அப்பாவும் அண்ணாவும் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். அதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் நெற்றி விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது.

எனாமல் அறைக்குள் பூ, பவுடர், குங்குமம், விபூதி, நாமம் எதுவும் கூடாது. எதிலிருந்து தூள் உதிரும் என்று யாருக்குத் தெரியும்? சரியான விதி. நான் காலையில் நாமம் இட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அமாவாசை என்றால் கோயில் குளத்துக்கு வரும் கூட்டத்தில் பஸ் ஊரைத் தாண்டவே முக்கால் மணி ஆகும். எப்படியும் ஏழரைக்குள் கம்பெனி வாசலுக்குப் போய், கை கழுவும் இடத்தில் ஈரத் தாளால் நெற்றியைத் துடைப்பேன். பக்கத்தில் பெண்கள் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நானும் நினைக்கவில்லை என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அது உண்மையில்லை.

சந்தனம் வேண்டாம்

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் மாதிரி முகப்புகளைப் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் சுற்றறிக்கை வந்தது. பூஜை உண்டு, பொரி உண்டு, இயந்திரங்கள் மேல் மட்டும் சந்தனம் குங்குமம் கிடையாது. படத்துக்கு மட்டும் மாலை.

கடைசல் பிரிவுக்காரர்கள் கொஞ்சம் சத்தம் போட்டு அடங்கினார்கள். பூஜைக்கு முந்தின நாள் மாலை, உலை ஆறிக் கிடந்தது. என் பையில் திருமண் பெட்டி இருந்தது. திருமண் என்பது வெள்ளைக் களிமண் கட்டி. உள்ளங்கையில் சொட்டு நீர் விட்டுக் குழைத்து இடுவது. என் நெற்றிக்குத்தான் அனுமதியில்லை, இந்த உலைக்காவது ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. வெளியே இட்டால் தெரியும். அதனால் கையை உள்ளே விட்டு, உள்கூரையில், வாசலுக்கு இரண்டு விரற்கடை பின்னால், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நாமம் இட்டேன். இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே சிவப்பு.

யாருக்கும் தெரியாமல் செய்தேன் என்பதில் சின்னப் பையனுக்கு வரும் சந்தோஷம் எனக்கு வந்தது. இந்த இடத்தில் நாமத்தை வைத்து ஒரு பழைய கேலி வாசகர்களுக்கு நினைவு வரும். அதை நான் எழுதுவதாக இல்லை.

வெளிநாட்டு ஆட்கள் வந்து, மாதிரிகளைப் பார்த்து, தலையசைத்து, இன்னும் எட்டு முகப்பு கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த எட்டில் முதல் மூன்றில்தான் புள்ளி விழுந்தது.

ஒரு கால்

மூன்றாவது முகப்பு கெட்ட அன்று மதியமே பவானியைக் கழுவும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்பக்கக் கொட்டகையில் பேக்கிங். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். பட்டியலிலிருந்து பெயரும் எடுபட்டது. மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடியும், புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை உலை ஆறிய பிறகு உள்ளே துடைக்கப் போனேன். விளக்கைக் காட்டினால் நாமத்தில் ஒரு கால் இல்லை.

வலது கோடு பாதிக்கு மேல் பெயர்ந்திருந்தது. மீதியைத் தொட்டேன், விரலில் வெள்ளைச் சில்லாக வந்தது. கடுகை நான்காக உடைத்தது போல.

நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியால் நாமத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். உள்கூரையை மூன்று முறை துடைத்தேன். துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். பயந்தேன், அவ்வளவுதான். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், பஸ் வரும் வேலை, ஊருக்குள் ஒரு பெயர்.

அடுத்து வந்த ஐந்து முகப்பும் குளத்து நீர் மாதிரி வந்தன. ஒரு புள்ளி கிடையாது. கழுவும் இடத்தில் புதிதாக உட்கார்ந்த பெண்ணைத் தயாளன் சார் பாராட்டினார். பிறகு ரிப்போர்ட்டை எழுதினார். கோளாறு, பொடி சரியாகக் கழுவப்படாதது. தீர்வு, ஆளை மாற்றியது. பலன், ஐந்துக்கு ஐந்தும் சுத்தம்.

அதைப் படித்தபோதுதான் நான் செய்தது முழுதாகப் புரிந்தது. நாமத்தை அப்படியே விட்டிருந்தால் நாலாவது முகப்பிலும் புள்ளி விழுந்து பவானி தப்பித்திருப்பார். நான் துடைத்த துடைப்பில் குற்றம் அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

நாஷ்டா நேரம்

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. கேன்டீனில் பவானி பழையபடி எங்கள் மேசைக்குத்தான் வருவார். பேக்கிங்காரர்களின் பழுப்புக் கோட்டில். பன்னிரண்டாம் நாள் காலை எதிரில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டபடி கேட்டார்.

"அய்யரே, ஒண்ணு கேக்கட்டா? எட்டு வாட்டி எண்ணும்போது நடுவுல மறந்துபோறது உண்டா?"

"ஏன்?"

"ஊட்ல அரிசி களையும்போது கூட எண்ணிக்கினு கீறேன். அஞ்சா ஆறான்னு மறந்துபூடுது. அன்னிக்கும் அப்டித்தான் ஆறோட உட்டுட்டனோ இன்னாவோ. மனசுக்குள்ளயே எண்ணறது பாரு, யாருக்குத் தெரியும்?" கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வேல போறது போவட்டும். இந்தக் கை மேல நம்பிக்க போச்சு அய்யரே. அதான் பேஜாரா கீது."

என் தட்டை நகர்த்திவைத்தேன். சொல்லிவிட்டேன். உலைக்குள் நாமம் இட்டது, அது உதிர்ந்தது, நான் துடைத்தது, எல்லாம்.

அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

"பதினோரு நாளா தெரிஞ்சிக்கினே என் எதிர்ல குந்திக்கினு நாஷ்டா துன்னுக்கினு கீற." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அங்க போய் சொல்லு."

மண் பெயரும் விதம்

போனேன். தயாளன் சார் முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. ரிப்போர்ட்டின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வெளிநாட்டுக்குப் போயாச்சு. நீங்க நல்ல மனசுல அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பாக்கறீங்கன்னு நான் நெனச்சா?"

"சார், நானே பார்த்தேன்."

"நீங்க பாத்தீங்க, நீங்களே தொடச்சீங்க. நான் எத்த வெச்சு நம்பறது? காட்டுங்க. எப்படி உழுந்துதோ அப்டியே உழட்டும்."

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று மாலை ஆறிய உலைக்குள், தயாளன் சாரும் இன்னும் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பழைய இடத்தில் நாமம் இட்டேன். முதலில் கோணலாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி இட்டேன். மறுநாள் காலையிலிருந்து செம்புத் தகட்டில் நீலம் பூசி உள்ளே வைத்து எடுத்தோம். பத்து முறை. இருபது முறை. ஒன்றும் விழவில்லை. கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். நாமம் தேரில் வரும் பெருமாள் நெற்றியில் இருப்பது போல அசையாமல் இருந்தது.

வாழ்க்கையில் நாமம் உதிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

"நம்புனேன்னு வெச்சுக்குங்க," என்றார் தயாளன் சார் ஐந்து மணிக்கு. ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

பஸ் நிற்கும் இடத்தில் பவானி நின்றிருந்தார். விஷயம் கொட்டகைவரை போயிருந்தது.

"இன்னா, உழலியா?"

"இல்ல. இருபத்து மூணு தடவை வெச்சு எடுத்தாச்சு."

"நாள் பூரா அணைக்காமலா?"

"ஆமா."

"அப்டின்னா எப்டி உழும்? அது களிமண்ணுதான? எங்க ஊட்டு மண்ணடுப்பு எரிஞ்சிக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது. ஆறி, மறுபடியும் பத்த வெக்கும்போதுதான் பேத்துக்கும். தெனம் அணைச்சி அணைச்சி ஏத்தச் சொல்லு."

என்னோடு பேசியது அதற்காக மட்டும்தான். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பவானி சொன்னதைத் தயாளன் சாரிடம் சொல்லி, மறுநாளிலிருந்து உலையைக் காலையில் ஏற்றி, மதியம் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஏற்றினோம். இரண்டாம் நாள் மதியம் விளக்கைக் காட்டியபோது வலது கோட்டின் நுனியில் மயிரிழை விரிசல். மூன்றாம் நாள் காலை முதல் தகட்டை எடுத்துக் கல்மேடையில் வைத்தேன். சிவப்பு இறங்கிக் கறுப்பாகி, ஓரத்திலிருந்து நீலம் வந்தது. நடுவில் வெள்ளைப் புள்ளி.

தயாளன் சார் லென்ஸில் பார்த்தார். பிறகு கழிவுத் தட்டிலிருந்து பழைய மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். நான்கும் ஒரே சில்லு.

"பவானிய வரச் சொல்லுங்க."

அவர் பழுப்புக் கோட்டோடு வாசலில் நின்றார், உள்ளே வரலாமா என்று தெரியாமல். சார் லென்ஸை நீட்டினார். பவானி குனிந்து நெடுநேரம் பார்த்தார். நான்கையும் பார்த்தார்.

"இது என்துல்ல," என்றார்.

எட்டுவரை

புது ரிப்போர்ட் போனது. உலைக் கூரையிலிருந்து அயல் பொருள் விழுந்தது என்று தயாளன் சார் எழுதினார். அயல் பொருள் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து ஆறு மாதம் உலைப் பக்கம் போகாமல் வைத்தார்கள். கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "துடைச்ச துணிய என்னடா பண்ணினே?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடியில் அலசினேன் என்றேன்.

பவானி அடுத்த திங்கட்கிழமை வெள்ளைக் கோட்டில் வந்தார். பட்டியலில் பெயர் திரும்பச் சேர்ந்தது. நிரந்தரமும் ஆனார். என்னோடு முகம் கொடுத்துப் பேசினார், அய்யரே என்றுதான் கூப்பிட்டார். ஒன்று மட்டும் மாறியிருந்தது.

முன்பெல்லாம் சத்தமில்லாமல் கழுவுவார். திரும்பி வந்த நாளிலிருந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். நீரை ஊற்றுவார், ஆட்டுவார், சாய்ப்பார், ஒண்ணு என்பார். அறையில் வேறு சத்தமே இருக்காது என்பதால் எல்லோருக்கும் கேட்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தயாளன் சார் சொன்னார்:

"மனசுக்குள்ள எண்ணும்மா."

"அன்னிக்கும் மனசுக்குள்ளதான் சார் எண்ணனேன்," என்றார் பவானி, கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் தொட்டிக்கும் நான் இருக்கும் இடத்துக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை, ஒவ்வொரு நாளும் ஒன்றிலிருந்து எட்டுவரை கேட்டுக்கொண்டுதான் நான் வேலை செய்தேன்.